செங்கற்பட்டுத் தளபதியின் கணக்கு

எங்கள் வீட்டில் குறும்பு செய்யும் பிள்ளையை எம்டன் என்று அழைப்பார்கள். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் பலர் வீட்டிலும் இச்சொல் புழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். அது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிறிது நேரத்தில் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. ஆனால் சென்னையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினர். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது மறுபடியும் அதே ஓட்டம். அப்போது மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள் என்று படிக்கிறோம்.

எண்ணெய்த் தொட்டி இருக்கும் இடத்தில் குடியிருப்பவனுக்குப் போர் என்பது எல்லையில் நடக்கும் செய்தி மட்டுமல்ல. எம்டன் காலத்தில் இல்லாத எத்தனையோ தொழிற்சாலைகள் இன்று நம்மைச் சுற்றி இருக்கின்றன. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் அனல் மின்நிலையம், எண்ணூரில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இன்னொரு துறைமுகம். பகைவன் ஒருவன் வரைபடத்தை விரித்துப் பென்சிலை எடுத்தால் எங்கே வட்டம் போடுவான் என்பதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆகவேதான், அந்த வட்டங்களைப் பற்றியே ஆயுளில் பாதியைச் சிந்தித்துக் கழித்த ஒரு தமிழரைப் பற்றி நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுத எண்ணினேன். அவர் ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதை சிறியது. சென்டிரல் நிலையத்தை அடுத்த மூர் மார்க்கெட்டில் பாடப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தபோது, அட்டை கிழிந்த ஓர் ஆங்கில நூல் கையில் சிக்கியது. பெயர் ‘பிளைண்ட் மென் ஆஃப் ஹிந்துஸ்தான்’. இந்துஸ்தானத்துக் குருடர்கள் என்று பொருள். யானையைத் தடவிப் பார்த்துத் தூண் என்றும் முறம் என்றும் சொன்ன குருடர் கதைதான் தலைப்புக்கு மூலம். யானை இங்கே அணுகுண்டு. குருடர்கள் நம் நாட்டை ஆள்வோர். எழுதியவர் இந்தியத் தரைப்படையின் முன்னாள் தலைமைத் தளபதி என்று பின்னட்டையில் கண்டதும் பாடப் புத்தகத்தை மறந்து இதை வாங்கி வந்துவிட்டேன். அடுத்த தேர்வில் அதன் பலனை அனுபவித்தேன் என்பது வேறு விஷயம்.

சுந்தரராஜன் என்ற இயற்பெயரை உடைய இவர் 1928 ஏப்ரல் 28ஆம் நாள் செங்கற்பட்டில் பிறந்தார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் படிப்பை முடிக்காமலே இராணுவத்தில் சேர்ந்தார். 1946ஆம் ஆண்டு மகார் படைப்பிரிவில் அதிகாரியானார். இப்படைப்பிரிவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர் ஒரு காலத்தில் மகார் மக்களைப் படையில் சேர்த்தார்கள். பின்னர் அவர்கள் போர்க்குடி அல்லர் என்று கதவைச் சாத்தினார்கள். டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் அப்படையில் சுபேதாராக இருந்தவர். மூடிய கதவைத் திறக்கச் சொல்லி வாதாடியவர்களுள் அம்பேத்கர் முதன்மையானவர். அதன் பயனாக 1941இல் மகார் ரெஜிமெண்ட் உருவாயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்து, செங்கற்பட்டுப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளையொருவர் அந்த வீரர்களுக்கு அதிகாரியாக வந்து, அவர்களுடன் உண்டு உறங்கி, அப்படைப்பிரிவின் பெயரைத் தம் பெயரோடு கடைசிவரை சுமந்தார். நூறு மேடைப் பேச்சுகளைவிட இதில் செய்தி அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வடமேற்கு எல்லைப்புற மாகாணம், காஷ்மீர் என்று தொடங்கிய பணி அவரை ஆப்பிரிக்காவரை கொண்டு சென்றது. காங்கோவில் கட்டாங்கா மாநிலம் பிரிந்து போக முயன்றபோது ஐக்கிய நாடுகள் சபை அங்கே அமைதிப்படையை அனுப்பியது. இந்தியாவும் ஒரு படையணி தந்தது. 1963இல் சுந்தர்ஜி அங்கே கட்டாங்காப் பகுதித் தலைமையகத்தின் முதன்மைப் பணியதிகாரியாக இருந்து வீரத்துக்காகப் பாராட்டும் பெற்றார். அங்கே துப்பாக்கி பாதி வேலை; மீதிப் பாதி பேச்சு. பல நாட்டு அதிகாரிகளோடு ஒரே மேசையில் அமர்வதும், யார் பகைவர் யார் நண்பர் என்பதே நாளுக்கு நாள் மாறுவதும் அங்கே வழக்கம். பின்னாளில் அவர் அரசியலையும் போரையும் பிரித்துப் பார்க்க மறுத்ததற்கு இந்தக் காங்கோ அனுபவம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பதவிகளின் பட்டியலை விரிக்கப் போவதில்லை. 1971 வங்கப் போரில் ரங்கப்பூர்ப் பகுதியில் பிரிகேடியராகப் பணி. நீலகிரி வெலிங்டனிலும் அமெரிக்காவிலும் இராணுவக் கல்வி. காலாட்படையிலிருந்து வந்து முதல் கவசப் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் அதிகாரி என்ற பெருமை. டாங்கியின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வண்டியில் விரையும் காலாட்படை வேண்டும் என்று வலியுறுத்தியவர். 1979இல் அத்தகைய படைப்பிரிவு உருவானபோது அதன் முதல் கௌரவத் தளபதியும் அவரே.

நம் பொருளுக்கு முக்கியமான ஆண்டுகள் 1980, 1981. மத்தியப் பிரதேசத்து மௌ நகரில் போர்க் கல்லூரியின் தலைவராக அவரை அமர்த்தினார்கள். பொதுவாக இத்தகைய பதவி, பெரிய பதவிக்கு முன் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். இவரோ அங்கிருந்தபடி அதிகாரிகளுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எதிரியிடம் அணுகுண்டு இருந்து நம்மிடம் இல்லாமற்போனால், நம் டாங்கிகளும் பீரங்கிகளும் எதற்குப் பயன்படும்? போரின் நடுவே ஒரு குண்டு விழுந்தால் என்ன செய்வது? பதில்களையெல்லாம் தொகுத்து நூலாகவே வெளியிட்டார்.

இதன் துணிச்சல் இன்று நமக்கு எளிதில் புரியாது. 1974 மே 18 அன்று பொக்ரானில் அணுவெடிப்பு நடத்தியிருந்தபோதிலும் அது அமைதிப் பணிக்கானது என்பதே அரசின் நிலை. அணுகுண்டைப் பற்றிய முடிவுகள் பிரதமருக்கும் ஒரு சில விஞ்ஞானிகளுக்கும் இடையே இருந்தன. சீருடை அணிந்தவர்களை அந்த அறைக்குள் விடுவதில்லை. யுத்தம் வந்தால் முதலில் சாகப் போகிறவனுக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை என்ற அந்த வழக்கத்தை ஒரு கேள்வித்தாளால் தட்டிப் பார்த்தார் சுந்தர்ஜி.

ஐந்தாறு ஆண்டுகளில் அறைக்கதவு சற்றே திறந்தது. பிரதமர் ராஜீவ் காந்தி 1985இல் விஞ்ஞானிகளும் படையதிகாரிகளும் அடங்கிய ஓர் இரகசியக் குழுவிடம், இந்தியா அணு ஆயுதம் செய்தால் எவ்வளவு வேண்டும், என்ன செலவாகும் என்று கேட்டார். அக்குழுவில் சுந்தர்ஜியும் இருந்தார். எழுபது முதல் நூறு குண்டுகள் வரை போதும் என்று குழு கருதியதாகப் பிற்கால ஆய்வு நூல்கள் கூறுகின்றன. அமெரிக்காவும் சோவியத் நாடும் சேர்ந்து அப்போது அறுபதாயிரத்துக்கும் அதிகமான குண்டுகளைக் குவித்து வைத்திருந்தன என்பதை நினைத்தால் நூறு என்பது எவ்வளவு சிறிய எண் என்பது விளங்கும்.

இந்தச் சிறிய எண்தான் சுந்தர்ஜியின் கணக்கு. அதை அவர் பின்னர் பல கட்டுரைகளில் எழுதினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். துப்பாக்கியும் டாங்கியும் போரில் வெல்வதற்கு. அங்கே எதிரியைவிட நம்மிடம் அதிகம் இருப்பது நல்லது. அணுகுண்டோ வெல்வதற்கு அன்று. எதிரி அதை எடுக்காமல் இருக்கச் செய்வதற்கு. எந்த ஆட்சியாளனும் தன் நாட்டுப் பெருநகரங்களில் இரண்டு மூன்றை இழந்து பெறும் வெற்றியை வெற்றி என்று கொள்ள மாட்டான். ஆகவே எதிரி முதலில் அடித்தாலும் அதைத் தாங்கி, மிஞ்சியதைக் கொண்டு திருப்பி அடிக்க முடியும் என்று அவன் நம்பினால் போதும். அவனிடம் ஆயிரம் இருக்கிறதா, ஐயாயிரம் இருக்கிறதா என்று எண்ணிப் போட்டி போடுவது வீண். முதலில் நாம் பயன்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நம்மிடம் இருப்பதையும், எப்போது பயன்படுத்துவோம் என்பதையும் எதிரிக்கு ஐயமில்லாமல் தெரிவித்துவிட வேண்டும். மூடி மறைத்தால் அவன் தவறாகக் கணக்கிடுவான். தவறான கணக்குத்தான் போரைக் கொண்டு வரும்.

இதைப் படித்த அன்று நானும் ஒரு கணக்குப் போட்டேன். 1945 ஆகஸ்டு 6 அன்று இரோசிமாவில் விழுந்த குண்டின் வலிமை சுமார் பதினைந்தாயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம். ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் ஆரத்துக்குள் எல்லாம் அழிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர். இராயபுரம் இரயில் நிலையத்தை நடுவாக வைத்து அதே ஆரத்தில் வட்டம் வரைந்தேன். கல்மண்டபம் உள்ளே வந்தது. வண்ணாரப்பேட்டை இரயில் நிலையம் உள்ளே வந்தது. துறைமுகத்தின் வடபகுதி வந்தது. ஸ்டான்லி மருத்துவமனையும் வந்தது. காயம்பட்டவர்களை எங்கே தூக்கிச் செல்வது என்ற கேள்விக்கு அந்த வட்டத்தில் விடை இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நம் தளபதி எதிரி நகரங்களை எண்ணியபோது, அங்கேயும் ஒரு தளபதி நம் நகரங்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பார் அல்லவா? இக்கணக்கில் இரு நாட்டு மக்களும் பிணையாக வைக்கப்பட்டவர்கள். இதை அறிந்த பிறகு சுந்தர்ஜியை முழு மனத்தோடு பாராட்ட என்னால் முடியவில்லை. ஆயிரக்கணக்கில் குவி என்று சொல்லாமல் போதும் என்று ஒரு கோடு கிழித்த மனிதரைக் குறைத்து மதிப்பிடவும் முடியவில்லை.

1986 பிப்ரவரி முதல் நாள் அவர் தலைமைத் தளபதியானார். தமிழ்நாட்டைச் சேர்ந்த குமாரமங்கலம் அப்பதவியிலிருந்து 1969இல் ஓய்வு பெற்ற பின், மீண்டும் ஒரு தமிழருக்கு அது கிடைத்தது. அவரது பதவிக் காலம் இரண்டேகால் ஆண்டுகள்தான். அதற்குள் மூன்று திசைகளில் மூன்று நெருக்கடிகள்.

வடகிழக்கில், அருணாசலப் பிரதேசத்தின் சும்தோராங் சூ பள்ளத்தாக்கில் சீன வீரர்கள் முகாமிட்டனர். சுந்தர்ஜி ஹெலிகாப்டர்களில் ஒரு படையணியையே மலைமுகட்டுக்கு ஏற்றினார். 1962இன் அடி மறையாத டில்லியில் பலர் நடுங்கினார்கள். ஆயினும் குண்டு வெடிக்கவில்லை, பேச்சு தொடங்கியது. 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி பீகிங் சென்றார்.

மேற்கில் பிராஸ்டாக்ஸ் என்னும் மாபெரும் போர்ப் பயிற்சி. 1986ஆம் ஆண்டு இறுதியில் இராஜஸ்தான் பாலைவனத்தில் இலட்சக்கணக்கான வீரர்களும் டாங்கிகளும் திரண்டனர். இது பயிற்சியா, படையெடுப்பா என்று பாகிஸ்தான் ஐயுற்றுத் தன் படைகளைப் பஞ்சாப் எல்லைக்கு நகர்த்தியது. 1987 ஜனவரியில் இரு நாடுகளும் போரின் விளிம்பில் நின்றன. பிப்ரவரி 4 அன்று டில்லியில் உடன்பாடு ஏற்பட்டது. சில நாட்களில் பாகிஸ்தான் அதிபர் ஜியா கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூர் வந்து சிரித்துவிட்டுப் போனார். பாகிஸ்தான் குண்டு செய்து முடிக்குமுன் அதை ஒரு போரில் இழுத்துவிட வேண்டும் என்பதே சுந்தர்ஜியின் உள்நோக்கம் என்று ஒரு சாரார் எழுதினர். வெறும் பயிற்சியே என்று இன்னொரு சாரார் எழுதினர். தவறான கணக்குப் போரைக் கொண்டு வரும் என்று எழுதிய கையே எதிரிக்குத் தவறான கணக்கைப் போட வாய்ப்பளித்ததே என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதன் பிறகு நடந்த ஒன்று நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஒருவர் அணுநிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று இரு நாடுகளும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் இரு அரசுகளும் தம் அணுநிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. தளபதி பிறந்த செங்கற்பட்டுச் சீமையில், கடலோரக் கல்பாக்கத்தில் 1983 முதல் அணு உலை இயங்குவதை நினைவிற்கொண்டால் இந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

மூன்றாவது திசை தெற்கு. இதைப் பற்றி எழுதும்போதுதான் கை தயங்குகிறது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியது. ஈழத் தமிழர் மாலையிட்டு வரவேற்றார்கள். 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது முழுதும் நடக்கவில்லை. செப்டம்பர் 26 அன்று திலீபன் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் இலங்கைப் படையிடம் சிறைப்பட்டிருந்த 17 புலிகள் நஞ்சு அருந்தி, அவர்களில் 12 பேர் இறந்தனர். அடுத்த வாரம் இந்திய இராணுவம் தான் காக்க வந்த மக்களின் ஊருக்குள்ளேயே போர் தொடுத்தது.

புலிகளைச் சில நாட்களில் அடக்கிவிடலாம் என்பது படைத் தலைமையின் கணிப்பாக இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய வீரர்கள் முப்பது பேரில் ஒருவரே உயிருடன் மிஞ்சினார். நகரைப் பிடிக்க இரண்டு வாரங்களுக்கு மேலாயின. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இந்தியப் படையினரின் குண்டுகளுக்கு இரையானார்கள். படை முழுதும் திரும்பிய 1990 மார்ச்சு வரை இந்திய வீரர்களில் சுமார் 1,200 பேர் மாண்டனர். இறந்த ஈழத் தமிழர் தொகை அதைவிட மிகப் பெரியது.

இம்முடிவுகளை எடுத்தவர் சுந்தர்ஜி ஒருவரே அல்லர். பிரதமர் இருந்தார், தூதர் இருந்தார், உளவுத்துறை இருந்தது. ஆனால் தலைமைத் தளபதி என்ற முறையில் கணிப்பு அவருடையது. மேலும் அவர் தமிழர். தமிழ் பேசும் ஊருக்குத் தமிழ்த் தளபதியின் ஆணையில் பீரங்கி போயிற்று என்ற வடு எளிதில் ஆறாது. 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் படை நுழைந்தபோது மேற்குக் கட்டளைப் பகுதியின் தளபதியாக இருந்தவரும் இவரே என்பதையும் மறக்கலாகாது. சீக்கியருக்கு ஒரு வடு, தமிழருக்கு ஒரு வடு.

ஆண்டு மலருக்காக இதை எழுதத் தொடங்கிய பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தேன். அத்தனை நுட்பமாகக் கணக்குப் போட்ட மூளை யாழ்ப்பாணத்தில் ஏன் தவறியது? அவரது அணுக் கணக்கு முழுவதும் ஒரே ஓர் அடித்தளத்தின்மேல் நிற்கிறது: எதிரி இழப்புக்கு அஞ்சுவான். பீகிங்கில் இருப்பவனும் இஸ்லாமாபாத்தில் இருப்பவனும் அஞ்சுவார்கள். அவர்களுக்கு நாடு இருக்கிறது, நகரங்கள் இருக்கின்றன. கழுத்தில் நஞ்சுக்குப்பி கட்டிய பதினெட்டு வயதுப் பையன் அந்தக் கணக்கில் எந்த எண்? அவனுக்குச் சோறு போட்ட வீட்டின் தாய் எந்த எண்? அவர்களை எந்த இடத்தில் எழுதுவது என்று படைத் தலைமைக்குத் தெரியவில்லை. எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, இது மிகவும் எளிமைப்படுத்திய விளக்கம், அரசியல் காரணங்களை நீ விட்டுவிட்டாய் என்று திருத்தினார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எனினும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

1988 ஏப்ரல் இறுதியில் சுந்தர்ஜி ஓய்வு பெற்றார். இவருக்கு முன் கரியப்பா ஆஸ்திரேலியாவுக்கும், சௌத்ரி கனடாவுக்கும் தூதர்களாக அனுப்பப்பட்டார்கள். தளபதிகளை வெளிநாட்டுத் தூதுவராக்குவது நம் அரசுக்கு வழக்கந்தான். சுந்தர்ஜிக்கு அப்படி எந்தத் தூதரகமும் கிடைக்கவில்லை. போபர்ஸ் பீரங்கி ஊழல் பற்றிய புயல் வேறு வீசிக்கொண்டிருந்தது. அப்பீரங்கி வாங்கப்பட்டபோது தளபதியாக இருந்தவர் என்ற முறையில் அவர் பெயரும் அதில் அடிபட்டது. (அதே பீரங்கிதான் 1999இல் கார்கில் மலைகளில் கைகொடுத்தது.) பதவியில்லாத தூதராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. கட்டுரை எழுதினார், கருத்தரங்குகளில் பேசினார். தெற்காசியாவில் அணு ஆயுதம் வந்துவிட்டது, அதை இல்லையென்று பாசாங்கு செய்யாமல் மூன்று நாடுகளும் உட்கார்ந்து பேசுங்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. வாழ்நாளெல்லாம் டாங்கிப் போரை நேசித்தவர், இரு தரப்பிலும் குண்டு வந்தபின் பெரிய டாங்கிப் போருக்கே இடமில்லை என்று ஒப்புக்கொண்டார். தன் தொழிலின் காலம் முடிந்தது என்று தானே சொல்வதற்கு ஒரு மனவலிமை வேண்டும்.

நான் வாங்கிய அந்த நூல் 1993இல் வெளிவந்தது. கதை வடிவம். இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்குகின்றன. அணு ஆயுதம் பற்றித் தெளிவான கொள்கை எதுவும் வகுக்காமலே டில்லியில் உள்ளவர்கள் முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். நாவல் என்று பார்த்தால் மதிப்பெண் குறைவுதான். பாத்திரங்கள் எல்லோரும் இராணுவக் கல்லூரியில் பாடம் நடத்துவதுபோலவே பேசுகிறார்கள். ஆனால் தலைமைப் பதவியில் இருந்த ஒருவர், உள்ளே கொள்கை என்று ஒன்று இல்லவே இல்லை என்று கதை எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் அந்நூலில் என்னை அதிரவைத்த செய்தி.

1998 தொடக்கத்தில் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் அவரைத் தாக்கியது. அந்த மே மாதம் 11, 13 தேதிகளில் இந்தியா பொக்ரானில் மறுபடியும் குண்டுகளை வெடித்தது. மாத இறுதியில் பாகிஸ்தானும் வெடித்தது. அவர் இருபது ஆண்டுகளாகப் பேசியது ஊரறிய நடந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். 1999 பிப்ரவரி 8 அன்று காலமானார். நினைவுக் குறிப்புகளை 105 பகுதிகளாக எழுதத் திட்டமிட்டு 33 மட்டுமே முடித்திருந்தார். அவர் இறந்து ஆறு மாதங்களில், ஆகஸ்டு 17 அன்று, இன்னொரு தமிழரான திருச்சி கே. சுப்பிரமணியத்தின் தலைமையில் அமைந்த குழு தயாரித்த அணுக் கொள்கையின் வரைவு வெளியாயிற்று. 2003 ஜனவரியில் அரசு அதிகாரபூர்வமாக அறிவித்த கொள்கையில், போதுமான குறைந்த அளவு, முதலில் பயன்படுத்தாமை என்னும் இரண்டும் இடம்பெற்றன. மௌ நகரில் கேள்வித்தாள் எழுதியவரின் கணக்கோடு அவை பெரிதும் ஒத்துப்போகின்றன.

இக்கட்டுரையை எங்கள் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஆர்பரில் முப்பது ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். அணுகுண்டுக் கணக்கை நான் விளக்கியபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உறங்கிவிட்டார் என்றே நினைத்தேன். யாழ்ப்பாணம் என்றதும் விழித்துக்கொண்டார். 1990 மார்ச்சு இறுதியில் அமைதிப்படையின் கடைசி வீரர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய நாளில் அவர் வேலைக்குப் போயிருந்தாராம். கூலிகளை அந்தப் பக்கம் விடவில்லை, தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்புக்குச் செல்லவில்லை என்பது நாம் அறிந்ததே. தாத்தாவுக்கு அதில் முழுச் சம்மதம். அடிபட்டது நம் ஜனம், மாலை எதற்கு என்று அவரும் அன்று கேட்டாராம். ஆனால் கப்பலிலிருந்து இறங்கி வந்த பையன்களைப் பார்த்தபோது எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், எந்த ஊர்ப் பிள்ளைகளோ, கறுத்துப் போய் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார்கள் என்றார். அவர்களை அங்கே அனுப்பியவர் செங்கற்பட்டுக்காரர் என்று நான் சொன்னதும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த வட்டம் போட்ட தாளைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கள் தெரு அதில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடத் தொடங்கினார்.